ஒரே எலிவேட்டருக்கு நாற்பது ஃபோல்டர்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஒரு பொருளை நாலு அளவில், நாலு விதத்தில் செய்கிறோம், அதைக் கம்ப்யூட்டரில் எப்படி வைத்துக்கொள்வது? சாலிட்வொர்க்ஸ் போன்ற டிசைன் சாஃப்ட்வேரில் ஒரே ஃபைலுக்குள் பல வகைகளை வைப்பதற்கு கான்ஃபிகரேஷன் என்று பெயர். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, திருச்சி என்று டெல்டா பட்டறைகளிலிருந்து வந்தவை அதிகம் என்பதால் இந்த முறை பக்கத்தை முழுக்க அதற்கே கொடுத்துவிட்டேன். மற்ற கடிதங்கள் அடுத்த இதழில்.

நாங்கள் அரிசி ஆலைகளுக்கு பக்கெட் எலிவேட்டர் (பெல்ட்டில் மாட்டிய பக்கெட்டுகளில் சரக்கை மேலே ஏற்றும் மெஷின்) செய்து கொடுக்கிறோம். புது ஆர்டர் வந்தால் போன ஆர்டரின் ஃபோல்டரைக் காப்பி செய்து, உயரத்தை மாற்றி, டிராயிங் எடுப்போம். இப்போது நாற்பது ஃபோல்டர் ஆகிவிட்டது. எது கடைசியாகத் திருத்தியது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலாளி, எல்லாவற்றையும் சாலிட்வொர்க்ஸில் ஒரே ஃபைலில் கான்ஃபிகரேஷனாகப் போடு என்கிறார். நாற்பதையும் போட வேண்டுமா?
வாசகர், மன்னார்குடி

வேண்டாம். நாற்பதையும் போட்டால், நாற்பது ஃபோல்டரில் பரவிக் கிடந்த குழப்பம் ஒரே ஃபைலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான் லாபம்.

முதலில் அந்த நாற்பது ஆர்டரையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். உயரம், மணிக்கு எத்தனை டன், சரக்கு எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று ஆலைக்காரர் உங்களிடம் சொன்னது அநேகமாக இந்த மூன்றாகத்தான் இருக்கும். மற்றதெல்லாம் இந்த மூன்றிலிருந்து தானாக வருவது. டன் தெரிந்தால் பக்கெட், பெல்ட் அகலம், புல்லி முடிவாகிவிடும். உயரமும் சேர்ந்தால் மோட்டாரும் முடிவாகிவிடும். பெல்ட் நீளத்தை உங்கள் டிராஃப்ட்ஸ்மேன் கையால் டைப் செய்கிறார் என்றால் அதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். மேல் புல்லியும் கீழ் புல்லியும் ஒரே அளவாக இருக்கும்போது சென்டர் தூரத்தைப் போல இரண்டு மடங்கு, அதோடு புல்லியின் சுற்றளவு, இதுதான் கணக்கு. 9 மீட்டர் சென்டர், 400 மி.மீ. புல்லி என்றால் 18 மீட்டரும் 1.257 மீட்டரும் சேர்ந்து 19.26 மீட்டர், ஜாயின்ட்டில் ஒன்றின் மேல் ஒன்று விடும் நீளம் தனி. பக்கெட்டுக்கு 150 மி.மீ. இடைவெளி விட்டால் 128 பக்கெட். இதை ஈக்வேஷனாக எழுதிவிடுங்கள், முழு எண்ணாக்கும் ஃபங்ஷனையும் சேர்த்து, ஏனென்றால் கணக்கில் வருவது 128.38, அதை வைத்துக் கடையில் பக்கெட் வாங்க முடியாது.

அடுத்து உயரம். இதற்குத்தான் எல்லோரும் ஆளுக்கொரு கான்ஃபிகரேஷன் போட்டுக் குவிக்கிறார்கள். பெல்ட்டை மூடியிருக்கும் நடுக் கூடான மிடில் கேஸிங்கை 2500 மி.மீ. ஷீட் நீளத்துக்கு ஒரே ஒரு பார்ட்டாக வைத்து, அதை மாற்றவே மாற்றாதீர்கள். உயரம் கூடினால் அந்தப் பார்ட் இன்னொன்று சேரும், அசெம்பிளியில் (பார்ட்டுகளைச் சேர்த்த மொத்த மாடலில்) அதை வரிசையாக அடுக்கும் பேட்டர்னின் எண்ணிக்கை மட்டும் மாறும். கடைசியில் மிச்சமாகும் இடைவெளிக்கு ஒரு துண்டு கேஸிங். கான்ஃபிகரேஷன் இந்தத் துண்டுக்கு மட்டும்தான், அதுவும் 250 மி.மீ. படியாக வைத்தால் 250 முதல் 2250 வரை ஒன்பது அளவோடு முடிந்தது. கேட்ட உயரத்துக்கு அச்சாகப் பொருந்தாமல் 100 மி.மீ. கூடினால் சரக்கு வழிந்து இறங்கும் ஸ்பவுட்டின் சரிவு கொஞ்சம் கூடும். கூரையில் இடிக்காதவரை எந்த ஆலைக்காரரும் சண்டைக்கு வரமாட்டார். இன்னொரு வசதி, தை அறுவடைக்கு முன்னால் ஆர்டர் நெருக்குகிற நேரத்துக்காக இந்த கேஸிங்குகளை முன்கூட்டியே அடித்து அடுக்கி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒவ்வொரு நீளம் வெட்டினால் அது முடியாது.

சரக்கு விழும் பக்கத்துக்கும் புதுப் பார்ட் தேவையில்லை. எலிவேட்டரின் மேல்பகுதியான ஹெட்டின் ஃபிளாஞ்சில் ஓட்டைகளைச் சமச்சீராகப் போட்டிருந்தால் ஹெட்டைத் திருப்பி மாட்டினால் போதும். ஆனால் மோட்டாரும் சேர்ந்து பக்கம் மாறும், பிளாட்ஃபாரம் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஆக நாற்பது என்பது டன் கணக்குக்கு மூன்று அல்லது நான்கு அசெம்பிளி கான்ஃபிகரேஷன், ஒன்பது துண்டு, ஒரு எண்ணிக்கை என்று சுருங்கிவிடும். பழைய ஃபோல்டர்களை அழிக்க வேண்டாம். எந்த ஆலைக்கு என்ன போனது என்பதற்கு அதுதான் சாட்சி, ஸ்பேர் கேட்டு ஃபோன் வரும்போது தேவைப்படும். ஜிப் செய்து, திருத்த முடியாதபடி தனியாக வைத்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. அசெம்பிளியை மட்டும் திறந்து சேவ் அஸ் கொடுத்தால் புது அசெம்பிளி பழைய பார்ட்டுகளையேதான் பிடித்துக்கொண்டிருக்கும். ஃபோல்டரையே காப்பி செய்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை: பழைய ஃபோல்டரின் அதே பெயருள்ள பார்ட் அந்த நேரத்தில் திறந்திருந்தால் சாலிட்வொர்க்ஸ் அதையே எடுத்துக்கொள்ளும். நீங்கள் புது ஆர்டரைத் திருத்துவதாக நினைத்துப் பழைய ஆர்டரைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். எந்த ஃபோல்டர் கடைசி என்று தெரியாமல் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். காப்பி எடுத்தே ஆக வேண்டும் என்றால், அசெம்பிளியோடு அதன் பார்ட்டுகளையும் சேர்த்துக் காப்பி எடுக்கும் பேக் அண்ட் கோ வழியாக எடுங்கள்.

டிசைன் டேபிளில் (கான்ஃபிகரேஷன்களின் அளவுகளைப் பட்டியலிடும் எக்செல் தாளில்) ஒரு அளவை மாற்றினால் மாறுகிறது, மறுநாள் பார்த்தால் பழைய அளவே இருக்கிறது. சில சமயம் ஒரு கான்ஃபிகரேஷனில் போட்ட ஓட்டை எல்லாவற்றிலும் விழுந்துவிடுகிறது. எக்செல் பிரச்சினையா, சாலிட்வொர்க்ஸ் பிரச்சினையா?
வாசகி, கும்பகோணம்

இரண்டும் இல்லை. உங்கள் பட்டறையில் ஒரே அளவை இரண்டு பேர் இரண்டு இடத்தில் மாற்றுகிறீர்கள். ஒருவர் டேபிளில் மாற்றுகிறார், இன்னொருவர் மாடலில் நேரடியாக டபுள் கிளிக் செய்து மாற்றுகிறார். டேபிளின் செட்டிங்கில், மாடலில் செய்யும் மாற்றம் டேபிளுக்குப் போகலாமா அல்லது தடுக்க வேண்டுமா என்று இரண்டு தேர்வு இருக்கும். தடுப்பதையே தேர்ந்தெடுங்கள். டேபிளில் இருக்கும் அளவை மாடலில் யாரும் தொட முடியாது. முதல் வாரம் திட்டுவார்கள், பழகிவிடும்.

ஓட்டை விழும் கதை வேறு. ஒரு அளவை மாற்றும்போதோ ஓட்டை, வளைவு போன்ற ஒரு ஃபீச்சரைச் சப்ரெஸ் செய்யும்போதோ (அழிக்காமல் நிறுத்தி வைக்கும்போதோ) ‘இந்த கான்ஃபிகரேஷன்’, ‘எல்லா கான்ஃபிகரேஷனும்’, ‘குறிப்பிட்டவை’ என்று மூன்று கேட்கும். அவசரத்தில் ஓகே அடித்தால் எல்லாவற்றுக்கும் போய்விடும். புதிதாகச் சேர்க்கும் ஃபீச்சருக்கு அந்தக் கேள்வியே வராது. ஒவ்வொரு கான்ஃபிகரேஷனின் பிராப்பர்ட்டியிலும், வேறு இடத்தில் சேர்த்த புது ஃபீச்சர் இங்கே சப்ரெஸ் ஆக வேண்டும் என்று ஒரு டிக் இருக்கிறது, அதுதான் தீர்மானிக்கிறது. உங்களுடையதில் அது டிக் ஆகாமல் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்காக எல்லாவற்றிலும் கண்ணை மூடிக்கொண்டு டிக் போட்டுவிடாதீர்கள், பிறகு எல்லாவற்றுக்கும் வர வேண்டிய வளைவு ஒன்றில் மட்டும் வந்து நிற்கும்.

டேபிளைப் பற்றிச் சில சின்ன விஷயங்கள். கான்ஃபிகரேஷன் பெயர்கள் ஏ நெடுவரிசையில் மூன்றாவது வரியிலிருந்து, தலைப்புகள் இரண்டாவது வரியில், இந்த அமைப்பைக் குலைக்கக் கூடாது. கான்ஃபிகரேஷன் பெயரில் சாய்கோடும் @ குறியும் வரக் கூடாது, ‘1/2 இன்ச்’ என்று பெயர் வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். ஃபீச்சரின் ஸ்டேட் நெடுவரிசையில் எஸ் என்றால் சப்ரெஸ், யு என்றால் இருக்கும், காலியாக விட்டால் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளும். இந்தக் காலி செல் பலரைக் கவிழ்த்திருக்கிறது. டி1@ஸ்கெட்ச்1 என்று மென்பொருள் தானாக வைக்கும் பெயரைத் தலைப்பில் விடாதீர்கள். ‘அகலம்’, ‘ஓட்டை_வட்டம்’ என்று மாற்றிவிட்டுப் பிறகு டேபிள் போடுங்கள். ஆறு மாதம் கழித்துத் திறக்கப்போவது நீங்களாகவே இருந்தாலும் டி7 என்ன என்று ஞாபகம் இருக்காது. டேபிளைத் திருத்த அந்தக் கம்ப்யூட்டரில் எக்செல் இருக்க வேண்டும் என்பதையும் புது மெஷின் வாங்கும்போது கணக்கில் வையுங்கள்.

பில் ஆஃப் மெட்டீரியலில் (டிராயிங்கில் வரும் பார்ட் பட்டியலில்) மூன்று நீள ஷாஃப்டுக்கும் ஒரே பார்ட் நம்பர் வருகிறது. லேத்துக்கு அப்படியே போய், எல்லாம் ஒரே நீளத்தில் வெட்டி வந்துவிட்டது.
வாசகர், துவாக்குடி

கான்ஃபிகரேஷன் பிராப்பர்ட்டியில், பில் ஆஃப் மெட்டீரியலில் எந்தப் பார்ட் நம்பரைக் காட்ட வேண்டும் என்று ஒரு தேர்வு இருக்கும். அது டாக்குமென்ட் பெயர் என்று இருந்தால் எத்தனை கான்ஃபிகரேஷன் இருந்தாலும் ஃபைல் பெயர்தான் வரும். அதை கான்ஃபிகரேஷன் பெயர் என்றோ நீங்களே கொடுக்கும் பெயர் என்றோ மாற்றுங்கள். டிசைன் டேபிளில் பார்ட் நம்பருக்கென்றே ஒரு நெடுவரிசை வைக்கலாம், அதுதான் வசதி. பில் ஆஃப் மெட்டீரியலின் குரூப்பிங் செட்டிங்கையும் பாருங்கள்: ஒரே பார்ட்டின் எல்லா கான்ஃபிகரேஷனையும் ஒரு வரியாகச் சேர் என்று இருந்தால் நம்பரைச் சரி செய்தும் பயன் இல்லை. எடை, மெட்டீரியல், விவரம் இவற்றை கஸ்டம் என்ற தாவலில் எழுதினால் ஃபைலுக்கே பொதுவாகிவிடும், கான்ஃபிகரேஷனுக்கென்று இருக்கும் தாவலில் எழுதினால்தான் தனித்தனியாக வரும்.

நம்பர் எப்போது தனியாக வேண்டும் என்பதற்கு நான் பார்ப்பது ஒன்றுதான். ஸ்டோரில் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டுக் கலந்து எடுத்தாலும் வேலை நடக்குமா? நடக்காது என்றால் இரண்டு நம்பர்.

பழைய டிசைனையும் ஒரு கான்ஃபிகரேஷனாக அதே ஃபைலில் வைத்துக்கொள்ளலாமா? ‘பழசு’, ‘புதுசு’, ‘புதுசு_2’ என்று வைத்திருக்கிறேன்.
வாசகர், திருவாரூர்

கூடாது. இன்றைக்கும் இரண்டையும் செய்கிறீர்கள், இரண்டையும் விற்கிறீர்கள் என்றால் கான்ஃபிகரேஷன். ஒன்று வந்ததால் இன்னொன்று போய்விட்டது என்றால் அது ரிவிஷன், அதற்கு ரிவிஷன் எழுத்து, தேதி, தனிக் காப்பி. இரண்டையும் கலந்தால், ஒரு பொதுவான ஸ்கெட்சைத் திருத்தும்போது ‘பழசு’ம் சேர்ந்து மாறும், பிறகு அது பழசாகவே இருக்காது. மாற்றத்துக்குப் பிறகு புதியது பழைய மெஷினில் பொருந்தவில்லை என்றால் ரிவிஷன் எழுத்தும் போதாது, நம்பரையே மாற்ற வேண்டும்.

பாலிடெக்னிக் இறுதியாண்டு மாணவி. புராஜெக்டுக்கு நாச்சியார்கோவில் குத்துவிளக்கை எடுத்திருக்கிறேன். ஒரு அடியிலிருந்து ஐந்து அடி வரை எல்லா அளவும் ஒரே மாடலில் வர வேண்டும். காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்க முடியாது. ஒரு அடி விளக்கை வரைந்து ஸ்கேல் செய்துவிடலாமா?
வாசகி, கும்பகோணம் அருகே

நல்ல பொருளை எடுத்திருக்கிறீர்கள், ஸ்கேல் மட்டும் செய்துவிடாதீர்கள். எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு ஆக்கினால் பித்தளை எட்டு மடங்கு ஆகும், கிலோ கணக்கில் விற்கும் பொருளில் அது விளையாட்டு இல்லை. உயரம் இரட்டித்தால் சுவர்க் கனமும் இரட்டிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஐந்து அடியிலிருந்து கீழே வந்தாலும் சிக்கல்தான், உருக்கிய பித்தளை ஓடிப் பாய்வதற்கு ஒரு குறைந்தபட்சக் கனம் வேண்டும், ஸ்கேல் அதைக் கேட்காது. முக்கியமாக மரை. கீழ்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, பிரபை என்று தனித்தனியாக வார்த்து மரை போட்டுத்தானே மாட்டுகிறார்கள்? 1.37 மடங்கு பெரிதான மரைக்கு, அதை வெட்டும் டேப் உலகத்தில் எங்கும் கிடைக்காது.

அதனால் மூன்று வகையாகப் பிரியுங்கள். உயரத்தோடு விகிதமாக மாறுபவை: தண்டு நீளம், தட்டின் விட்டம், கீழ்பாகத்தின் விட்டம். படிப்படியாகத் தாவுபவை: மரை, சுவர்க் கனம். மாறவே மாறாதவை: திரி வைக்கும் முகங்களின் எண்ணிக்கை போல. முதல் வகைக்கு ஈக்வேஷன், இரண்டாவதற்கு டேபிள், மூன்றாவதைத் தொடாதீர்கள். விகிதத்தையும் நீங்களாகக் கற்பனை செய்யாமல் ஒரு பட்டறைக்குப் போய் நாலைந்து அளவு விளக்குகளை வெர்னியர் வைத்து அளந்து வாருங்கள். பெரிய விளக்கு சிறியதன் நேர்விகிதமாக இருக்காது என்பதை அங்கேயே பார்ப்பீர்கள், விழாமல் நிற்க வேண்டுமே.

இன்னொரு இரட்டை இதில் இருக்கிறது, மார்க் வாங்கித் தரும். ஒவ்வொரு பாகத்துக்கும் வார்ப்பு நிலை ஒன்று, கடைசல் முடிந்த நிலை ஒன்று. பித்தளை ஆறும்போது மீட்டருக்கு ஏறத்தாழ 15 மி.மீ. சுருங்கும், கடைசலில் சீவ வேண்டிய கனமும் உண்டு, ஆகவே வண்டல் மண்ணில் அச்செடுக்கும் மாதிரி முடிந்த பொருளைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். முடிந்த வடிவத்தை மூலமாக வைத்து, அதிலிருந்து வார்ப்பு நிலையை வருவித்தால் ஒன்றைத் திருத்தும்போது மற்றதும் திருந்தும்.

சாஃப்ட்வேருக்கு ஃப்ரீகேட் போதும், முழு இலவசம். அதன் ஸ்பிரெட்ஷீட்டில் செல்லுக்கு அலியாஸ் பெயர் கொடுத்து ஸ்கெட்சில் இழுக்கலாம். 0.19 பதிப்பிலிருந்து கான்ஃபிகரேஷன் டேபிளும் இருக்கிறது, வரிசையைத் தேர்ந்தெடுத்தால் மாடல் அந்த அளவுக்கு மாறும். 2024 நவம்பரில் வந்த 1.0-இல் அசெம்பிளிக்கும் தனி வொர்க்பெஞ்ச் சேர்ந்துவிட்டது. ஆன்ஷேப்பில் கான்ஃபிகரேஷன் இதைவிடச் சுலபம், பிரௌசரிலேயே ஓடும், ஆனால் இலவசக் கணக்கில் செய்யும் வேலையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புராஜெக்டுக்குப் பரவாயில்லை, பட்டறைக்காரரின் சொந்த டிசைனை அனுமதி கேட்காமல் அதில் ஏற்ற வேண்டாம்.

சேற்று உழவுக்கு டிராக்டரில் மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீல் செய்கிறோம். டிராக்டருக்கு டிராக்டர் ஹப் ஓட்டை மாறுகிறது. பட்டைகள் சாய்வாக இருப்பதால் இடது, வலது வேறு. எல்லாவற்றையும் பெருக்கினால் தலை சுற்றுகிறது.
வாசகர், நீடாமங்கலம்

பெருக்காதீர்கள், பிரியுங்கள். ஓட்டை மாறுவது நடுத்தட்டில் மட்டும். அதைத் தனிப் பார்ட்டாக்கி, டிராக்டர் மாடலுக்கு ஒரு கான்ஃபிகரேஷன் வையுங்கள். தட்டு சமச்சீர் என்பதால் அதில் இடது வலது கிடையாது. வளையமும் பட்டையும் சேர்ந்த கூடு இடது ஒன்று, வலது ஒன்று, அதற்கு டிராக்டரைப் பற்றிக் கவலை இல்லை. பத்து டிராக்டர் என்றால் இருபது சக்கரத்துக்குப் பதில் பத்துத் தட்டும் இரண்டு கூடும். நடுத்தட்டை வெல்டு செய்யாமல் போல்ட்டில் மாட்டினால், குறுவை நேரத்தில் கூடுகளை அடித்துத் தயாராக வைத்துக்கொண்டு, ஆள் வந்து டிராக்டர் பெயரைச் சொன்னதும் தட்டை மாட்டிக் கொடுத்துவிடலாம். வலது கூட்டை மிரர் பார்ட்டாக எடுங்கள், ஆனால் நம்பர் தனி, டிராயிங் தனி. ‘இது போலவே எதிர்ப்பக்கம்’ என்று டிராயிங்கில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இரண்டும் இடதாக வந்த பிறகு திருந்துகிறார்கள்.

வேலை மாறுகிறேன். புது இடத்தில் சாலிட்வொர்க்ஸுக்குப் பதில் இன்வென்டரும் கிரியோவும். அங்கே கான்ஃபிகரேஷனுக்கு என்ன பெயர்?
வாசகர், தஞ்சாவூர்

இன்வென்டரில் ஐபார்ட், ஐஅசெம்பிளி. ஒரு ஃபேக்டரி ஃபைல் இருக்கும், ஒவ்வொரு வகையும் தனி ஃபைலாக வெளியே வரும். 2022 பதிப்பில் மாடல் ஸ்டேட்ஸ் வந்தது, அதில் எல்லாம் ஒரே ஃபைலுக்குள், உங்கள் பழக்கத்துக்கு இதுதான் பக்கம். கிரியோவில் ஃபேமிலி டேபிள். மூலத்துக்கு ஜெனரிக், வகைகளுக்கு இன்ஸ்டன்ஸ். டேபிளைத் திருத்தியதும் வெரிஃபை கொடுக்கும் பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள், எந்த இன்ஸ்டன்ஸ் உடைந்திருக்கிறது என்று அப்போதே தெரியும். ஃப்யூஷனில் கான்ஃபிகரேஷன் 2023-இல்தான் வந்தது.

வாய்க்கால் மதகுகளுக்கு ஷட்டர் செய்கிறோம். அகலம், உயரம், கையால் சுற்றுவதா மோட்டாரா என்று அளவைத் தட்டினால் டிராயிங்கே வந்துவிடும்படி செய்ய முடியுமா?
வாசகர், மயிலாடுதுறை

முடியும். இன்வென்டரில் ஐலாஜிக் இருக்கிறது, விதிகளை எழுதி வைத்தால் அதுவே பார்ட்டை மாற்றும். சாலிட்வொர்க்ஸில் அதே வேலைக்கு டிரைவ்வொர்க்ஸ் எக்ஸ்பிரஸ் கூடவே வருகிறது, தனியாக வாங்க வேண்டாம். இரண்டில் எதைத் தொடுவதற்கும் முன்னால் விதிகளைத் தாளில் தமிழிலேயே எழுதுங்கள். ‘அகலம் இத்தனைக்கு மேல் போனால் ஸ்பிண்டில் ஒன்றுக்கு இரண்டு’, ‘உயரம் இத்தனை தாண்டினால் பின்பக்க ஆங்கிள் இன்னொன்று’. இந்த ‘இத்தனை’ என்ன என்று பட்டறையில் மூத்த ஃபிட்டரைக் கேட்டால் ஒன்று சொல்வார், டிராயிங்கில் ஒன்று இருக்கும், டெண்டர் விவரத்தில் வேறு ஒன்று இருக்கும். அந்தச் சண்டையைத் தீர்க்காமல் சாஃப்ட்வேரில் ஏற்றினால் தப்பு வேகமாக வெளியே வரும், அவ்வளவுதான். தண்ணீரின் அழுத்தத்துக்கான தகட்டுக் கனத்தை மட்டும் ஃபிட்டர் சொன்னார் என்று விட வேண்டாம், இன்ஜினியர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட்ட அட்டவணையாக இருக்கட்டும்.

எல்லாச் சேர்க்கையையும் முன்கூட்டியே உருவாக்கி வைக்கும் ஆசையும் வேண்டாம். நாலு அகலம், ஐந்து உயரம், இரண்டு வகை இயக்கம், இரண்டு வகை சீல் என்றால் எண்பது. உங்கள் பழைய பில் புத்தகத்தைப் புரட்டினால் அதில் பெரும்பாலானவற்றை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கும்போது உருவாக்கி, ஒரு முறை சரிபார்த்து, நம்பர் கொடுத்துச் சேமியுங்கள்.

இதைத் தொடங்கும் காலத்தையும் பாருங்கள். மேட்டூர் ஜூன் 12-ஐ ஒட்டித் திறந்தால் அதற்கு முன்னால் ஏப்ரல், மே முழுக்க உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் ஐப்பசி, கார்த்திகையில் உட்காருங்கள். அளவைத் தட்டும் படிவத்தில் சீல் கீழே மட்டுமா, பக்கங்களிலுமா என்பதையும், தூணின் பள்ளம் ஏற்கெனவே கட்டியிருக்கிறதா என்பதையும் சேர்த்துவிடுங்கள். கட்டியிருந்தால் அகலத்தை அவர் சொல்லி நீங்கள் தட்டக் கூடாது, ஆள் போய் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து அதில் குறைவானதை எழுத வேண்டும்.